பாதுகாப்பு முதல் அளவீட்டிலேயே தொடங்க வேண்டும்

நான்குவழிச் சாலையோ மேம்பாலமோ இரண்டாவது ரயில் பாதையோ, எந்தப் போக்குவரத்துத் திட்டமானாலும் அந்த இடத்தில் முதலில் போய் நிற்பவர்கள் சர்வே குழுவினர்தான். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை முக்காலியில் ஏற்றுபவர், பிரிசம் கம்பைத் தூக்கிச் செல்பவர், லெவல் ஸ்டாஃபைப் பிடிப்பவர், மாலையில் கணினியில் வரைபடம் போடுபவர் என்று நாலைந்து பேர் கொண்ட சிறு குழு அது. அவர்கள் எடுக்கும் அளவுகளை வைத்தே விரிவான திட்ட அறிக்கை எழுதப்படுகிறது, நிலம் குறிக்கப்படுகிறது, செலவு மதிப்பிடப்படுகிறது. தடுப்புகளும் எச்சரிக்கைப் பலகைகளும் பாதுகாப்பு அலுவலரும் வருவது அதற்கெல்லாம் பிறகு, ஒப்பந்தம் முடிவாகி இயந்திரங்கள் இறங்கும்போதுதான். சர்வேயைத் திட்டத்துக்கு முந்தைய ஒரு தயாரிப்பாக மட்டும் பார்க்கும் பழக்கம், அதைச் செய்பவர்களைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. முதல் அளவு எடுக்கும் நிமிடத்திலேயே அந்த இடம் வேலைத்தளம் ஆகிவிடுகிறது. வேலைத்தளத்துக்கு உரிய காப்பும் சட்ட உரிமையும் அந்த நிமிடத்திலிருந்தே அவர்களுக்குச் சேர வேண்டும்.

ஆபத்தின் தன்மையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஸ்டாஃப் பிடிப்பவர் அதை நேராக நிறுத்தி, மட்டக் குமிழி நடுவே வந்து நிற்கும்வரை பத்து வினாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் அந்தக் கார் 280 மீட்டர் வந்துவிடும். அதே பத்து வினாடியும் கருவியில் இருப்பவரின் கண் தொலைநோக்கியில்தான் இருக்கும். கவனத்தைச் சாலையிலிருந்து எடுத்து அளவின்மேல் வைக்கச் சொல்வதே இந்த வேலை. அப்படியிருக்க, விபத்து நடந்ததும் “அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று சொல்வது, அவர் தம் வேலையைச் சரியாகச் செய்ததையே குற்றமாக்குவதாகும். சாலையில் கட்டுமானம் நடக்கும் இடத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டியைத் தந்திருக்கிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, வாகனத்தை மெல்லத் திருப்பும் பகுதி, வேலைப் பகுதி, மீண்டும் வழக்கமான ஓட்டத்துக்கு விடும் பகுதி என்று சாலையை அது பிரிக்கிறது. ஓட்டுநர் தூரத்திலேயே அறிந்து வேகம் குறைக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஜே.சி.பி. நிற்கும் இடத்துக்குத் தேவைப்படும் இந்த எச்சரிக்கை, மூன்று கால் கருவியும் இரண்டு மனிதர்களும் நிற்கும் இடத்துக்குத் தேவையில்லை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

வாகனம் மட்டுமே ஆபத்தில்லை. லெவல் ஸ்டாஃப் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. நான்கைந்து மீட்டர் வரை நீளும். கார்பன் ஃபைபர் கம்புகளும் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மின்மயமான ரயில் பாதையில் மேல்நிலைக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதே இல்லை. இரண்டு மீட்டருக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. சாலை ஓரத்து உயரழுத்தக் கம்பிகளிலும் இதே ஆபத்து உண்டு. மண் கொட்டி உயர்த்திய கரைமேல் நின்று ஸ்டாஃபை நீட்டும்போது கம்பிக்கு உள்ள இடைவெளி எதிர்பாராமல் சுருங்கிவிடும். ரயில் பாதை அருகே ரயில்வேயின் அனுமதி வேண்டும், வரும் வண்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு காவல் ஆளும் வேண்டும். இவை இல்லாமல் அளக்கச் சொல்லும் மேலாளர் பணியாளரின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

வெயிலின் கதையும் இதுவே. வெப்பம் பட்டால் கருவியின் அளவு பிசகும் என்பதால் கருவிக்குக் குடை பிடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. கருவிக்குத் தரும் அந்த அக்கறை, அதன் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கும் மனிதருக்கும் கிடைக்க வேண்டும்: நிழல், குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், உச்சி வேளையில் ஓய்வு. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழிசெய்தது. இது அரசு தரும் நிவாரணம். வேலையின்போது வெயிலால் விழுந்தவர் விஷயத்தில் முதலாளிக்கு உள்ள பொறுப்பு இதனால் தீர்ந்துவிடாது.

சட்டத்தில் இவர்களுக்கு இடம் இருக்கிறதா? “நாங்கள் டெக்னீஷியன்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் அல்ல” என்று பணியாளர்களே நினைப்பதும், நிறுவனங்கள் அப்படியே சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் 1996ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம், சாலை, ரயில் பாதை உள்ளிட்ட பணிகள் தொடர்பாக உடலுழைப்பு வேலை மட்டுமல்லாமல் தொழில்நுட்ப வேலை செய்பவரையும் கட்டுமானத் தொழிலாளர் என்றே வரையறுத்தது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளன. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பு, நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்குகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பை வைத்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தரச் சொல்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமான அச்சம் எழுந்தால், அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. அந்த ஆபத்து உண்டென்று தெரிந்தால் முதலாளி உடனே சரிசெய்தாக வேண்டும். வாயால் சொல்வதைவிட வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ, இடம், நேரம், படம் சேர்த்து அனுப்புவது நல்லது. பிறகு யாரும் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு செலவு பற்றியது. அரை மணி நேர வேலைக்குச் சாலையை மூட முடியுமா என்று கேட்கிறார்கள். சாலையை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின்னால் ஒளிரும் விளக்கோடு ஒரு வண்டி, சில கோன்கள், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலாக வாகனத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஓர் ஆள்: பெரும்பாலான இடங்களுக்கு இது போதும். இந்தக் கூடுதல் ஆளைத்தான் துணை ஒப்பந்ததாரர் முதலில் கழற்றிவிடுகிறார். காரணம், பல இடங்களில் சர்வேக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் பணம். அந்த விலைக்குள் பாதுகாப்புக்கென்று தனி வரி இருப்பதில்லை. ஆகவே தீர்வும் அங்கேதான் தொடங்க வேண்டும். ஆலோசனை நிறுவனத்துக்குப் பணி ஒப்படைக்கும் அரசுத் துறை, சர்வே காலப் போக்குவரத்துக் காப்பை விலைப்பட்டியலில் தனி இனமாகவே சேர்க்க வேண்டும். தனி இனமாக இருந்தால் அதில் விலை குறைக்க முடியாது, செய்யாமல் பில் போடவும் முடியாது. வேலை குறுகியது என்பதால் ஆபத்தும் குறைந்ததாகிவிடுவதில்லை. பல நாள் நிற்கும் தடுப்பு ஓட்டுநர்களுக்குப் பழகிப்போகும். திடீரென்று தோன்றும் சர்வே குழுவை அவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பம் பற்றியது. ட்ரோனும் வாகனத்தில் பொருத்திய லைடார் லேசர் கருவியும் வந்துவிட்டன, இனி சாலையில் ஆள் நிற்க வேண்டியதில்லை என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். பிரிசம் இல்லாமலே தூரம் அளக்கும் கருவியால் ஓரத்தில் நின்றே மறுபக்கத்தைப் பிடித்துவிடலாம்; அப்படி முடிகிற இடத்தில் ஆளை நடுச் சாலைக்கு அனுப்புவதே தவறு. ஆனால் வானிலிருந்து எடுத்த படத்தைத் தரையோடு பொருத்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டம் கடத்தி வர நடந்துதான் ஆக வேண்டும். கட்டுமானத்தின்போது தூணின் மையத்தைக் குறித்துத் தருவதும் தரையில் நின்று செய்யும் வேலைதான். மேலும் ட்ரோன் புதிய பொறுப்பையும் கொண்டுவருகிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி பதிவும், உரிய தொலை விமானிச் சான்றிதழும், பறக்கத் தடை உள்ள இடங்களுக்கு அனுமதியும் தேவை. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சான்றிதழ் இல்லாத பணியாளரிடம் “சும்மா ஒரு தடவை ஏற்றி இறக்கு” என்று சொன்னால், மறுப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது சிக்கல், மக்களின் கோபம். சென்னை – சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018இல் அளவீடு நடந்தபோது விவசாயிகள் எதிர்த்து நின்றதும், சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டம் தொடர வழிவிட்டதும் நாடறிந்தவை. இத்தகைய இடங்களில் நில உரிமையாளரின் கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அது போய்ச் சேர்வது, சாலை எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவெடுக்காத கூலிப் பணியாளரிடம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ பிரிவின் அறிவிக்கை வெளியான பிறகே, அதிகாரம் பெற்ற நபர் நிலத்தில் இறங்கி அளக்க 3பி பிரிவு இடம் தருகிறது. அந்த அறிவிக்கையின் நகலும் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இல்லாமல் பட்டா நிலத்துக்குள் போகச் சொன்னால் போக வேண்டாம். அவற்றைக் காட்டும்படி கேட்பது நில உரிமையாளரின் உரிமை. காட்டுவது சர்வே குழுவுக்கும் பாதுகாப்பு. எதிர்ப்பு வலுத்தால் கருவியை எடுத்துக்கொண்டு விலகி மேலிடத்துக்குத் தெரிவிப்பதே முறை. மக்களோடு பேச வேண்டியது வருவாய்த் துறையின் கடமை.

விபத்து நேர்ந்துவிட்டால் என்ன வழி? முதலில் சிகிச்சை. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டம், ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழிசெய்கிறது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் “வேலை செய்துகொண்டிருந்தபோது” என்று எழுதச் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும். இழப்பீட்டுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, முதலாளியிடமிருந்து பெறும் பணியாளர் இழப்பீடு. இதில் யார் கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்தது என்றால் போதும். இறப்பு நேர்ந்தால், மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கும் தொகை. முப்பது வயதுக்கான காரணி 207.98, மாத ஊதியம் 15,000 எனக் கொண்டால் 15,59,850 ரூபாய் வரும். ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும், காரணமின்றி இழுத்தடித்தால் அபராதமும் உண்டு. துணை ஒப்பந்ததாரர் கைவிரித்தால், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமே பொறுப்பு. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஏற்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கைகளைத் தொழிலாளர் துணை ஆணையர் விசாரிப்பது வழக்கம்.

இன்னொரு பாதை, மோதிய வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் மூலம் பெறுவது. இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு. எனவே எதிலும் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ கேட்பது அவசியம். தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவது நல்லது. இடித்துவிட்டு ஓடிய வாகனம் தெரியவில்லை என்றால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டம் உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டவருக்கு, முதலாளியிடம் பெறும் இழப்பீட்டுக்குப் பதிலாக இ.எஸ்.ஐ.யே சிகிச்சையும் ஊன உதவித்தொகையும் தரும். ஆகவே இ.எஸ்.ஐ. எண் தனக்கு இருக்கிறதா என்று வேலையில் சேர்ந்த முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத் தகராறில் அடிக்கடி வருவது கருவி உடைந்ததற்கான பிடித்தம். டோட்டல் ஸ்டேஷன் லட்சக்கணக்கில் விலையுள்ளது. காற்றில் சாய்ந்தாலும் பணியாளரிடமே பிடிக்கிறார்கள். அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளுக்கு, அவருடைய அலட்சியமே நேரடிக் காரணம் என்றால் மட்டும், அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே பிடிக்கலாம் என்பது ஊதியச் சட்டம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தக் காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும். தராவிட்டால் மூன்றாண்டுக்குள் கோரலாம்.

“நான் அங்கே வேலையில் இருந்ததை எப்படி நிரூபிப்பது?” என்பதே இத்தனை உரிமைகளையும் முடக்கிவிடும் கேள்வி. இங்கே சர்வே பணியாளருக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு இல்லாத ஒரு வலு உண்டு. அவருடைய கருவி ஒவ்வொரு புள்ளியையும் தேதி, நேரத்தோடு பதிகிறது, செயற்கைக்கோள் வழி அளக்கும் ஜி.என்.எஸ்.எஸ். கருவி இடத்தையும் சேர்த்துப் பதிகிறது. ஃபீல்டு புக்கின் முதல் பக்கத்தில் குழுவினர் பெயர் இருக்கிறது. திட்டத் தரவை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. ஆனால் விசாரணையில் அதை முன்வைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடக் கோரலாம். அதற்காகவே ஒவ்வொரு நாளும் ஃபீல்டு புக்கில் தம் பெயரும் நேரமும் இடமும் எழுதப்படுவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும், தவறான அளவை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு அடிக்க வேண்டும். பின்னாளில் பாலம் பிசகியது என்று பழி வந்தாலும் அந்தப் பக்கமே காக்கும்.

சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியானது; 1802இல் பரங்கிமலை அருகே இட்ட அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவை தொடங்கியது. இருநூறு ஆண்டுக்கும் மேலான தொழில் மரபுள்ள இந்த மண்ணில், அளப்பவரின் பாதுகாப்பு இன்னும் ஒப்பந்ததாரரின் நல்ல மனதை நம்பி இருப்பது ஏற்கத்தக்கதல்ல. துறைகள் விலைப்பட்டியலில் ஓர் இனத்தைச் சேர்க்கட்டும். ஆலோசனை நிறுவனங்கள் நியமனக் கடிதமும் காப்பீடும் இல்லாமல் யாரையும் சாலைக்கு அனுப்பாதிருக்கட்டும். பணியாளர்களும் முக்காலியை விரிக்கும் முன் மூன்று கேள்வி கேட்கப் பழகட்டும்: வாகனத்தைப் பார்ப்பவர் யார்? மேலே கம்பி இருக்கிறதா? இங்கே அளக்க எழுத்தில் அனுமதி உண்டா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அன்றைய அளவு மறுநாளுக்குத் தள்ளிப்போவதால் எந்தச் சாலையும் நின்றுவிடாது.