மேசை மேல் தண்டவாளம்: வீட்டுக்கு ஒரு பெட்டி

மாதிரி ரயிலுக்குத் தனி அறையே வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறோம். இரண்டறை மாடிவீட்டில் அதற்கு எங்கே போவது? யப்பானில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய ‘ரி-ட்ராக்’ முறைக்கு 308 மில்லிமீற்றர் நீளமான மரப்பெட்டி ஒன்று போதும். அதன் மேல் இரட்டைத் தண்டவாளம். மிகுதி இடத்தில் உங்கள் காட்சி. தண்டவாளத்தின் நீளம் 310 மில்லிமீற்றர். இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் வெளியே நிற்பதால் பெட்டிகள் முட்டுப்படாமல் தண்டவாளங்கள் பூட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு ஒன்றாகச் செய்து, மண்டபத்தில் இணைத்து, நான்கு மூலைப் பெட்டிகளால் வளையமாக்கினால் ரயில் ஓடும். ஆனால் பலகை வெட்டமுன் பேசவேண்டியவை உண்டு. இரு பாதைகளுக்கும் இடைவெளி 33 மில்லிமீற்றரா, 25ஆ? இரண்டும் புழக்கத்தில் உள்ளன, கலந்தால் பொருந்தாது. அடுத்தது வயர். ஒருவர் மாறிப் பூட்டினால் எல்லோருடைய ரயிலும் நிற்கும். (ஊர்ச் சங்கங்களில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல.)

காட்சியை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். 1990இல் யாழ்ப்பாண ரயில் நின்றுபோகமுன் அதில் பயணித்த அம்மம்மா வீட்டில் இருந்தால், கொடிகாமம் நிலையத்தைக் கேட்டுச் செய்யலாம். போரில் தண்டவாளங்களே பிடுங்கப்பட்ட பாதை அது. 2014இல் ரயில் திரும்பி வந்தது புதிதாகப் போட்ட பாதையில். பழைய மேடையில் எந்த மரம் நின்றது என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு குறை உண்டு. இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். 160இல் ஒன்றாகச் சுருக்கினால் ஏறத்தாழ 10.5. இந்தத் தண்டவாளமோ 9. ஒன்றரை மில்லிமீற்றர் ஒடுக்கம், அம்மம்மா கண்டுபிடிக்கமாட்டார்.