வராத வண்டிக்காக ஒரு வாக்குவாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. மரக்காணம் உப்பளத்தில் இறங்கியவர்கள் அதற்குள் பாதி நாள் வேலையை முடித்திருப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும் என்பதால் இருட்டிலேயே பாத்திக்கு வந்துவிடுகிறவர்கள் அவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்பெல்லாம் வாரிக் குவித்த உப்பு. நடுவே, சென்னையிலிருந்து புதுச்சேரிப் பக்கமாக, வாரம் தவறாமல் சில சத்தங்கள் கடந்து போகும். போர்ஷேவுக்கு ஒரு சத்தம், மஸ்டாங்குக்கு இன்னொரு சத்தம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் தலையைத் திருப்பாமலே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த பெஞ்சில் நானும் பல ஞாயிறுகளைக் கழித்திருக்கிறேன். திண்டிவனம், கல்பாக்கம், புதுச்சேரி என்று மூன்று திசையிலிருந்தும் வருவார்கள். ஓட்டி வருவது ஸ்விஃப்ட், போலோ, பழைய மைக்ரா. வாய் ஓயாமல் பேசுவது நிசான் ஜி.டி.-ஆர் பற்றி. ஒருநாள் காதில் விழுந்தது இது:

"அடுத்தது ஹைபிரிட்டாம்டா."

"ஹைபிரிட்னா அது ஜி.டி.-ஆரே இல்ல."

"ஆர்-35 வந்தப்பவும் இதையேதான சொன்னாங்க? கையால போடுற கியர் இல்ல, ஸ்கைலைன்ங்கற பேர் இல்ல, இது என்ன ஜி.டி.-ஆருன்னு?"

மூன்றாவது பையன் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. ஒரு வண்டியின் பெயர் எதில் இருக்கிறது? எஞ்சினிலா, கியரிலா, சத்தத்திலா? அதற்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரை.

ஜி.டி.-ஆர் நம்மிடமிருந்து ரொம்ப தூரத்து வண்டி என்று நினைக்க வேண்டாம். மரக்காணத்திலிருந்து வடக்கே ஒரு காலைப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரகடத்தில்தான் 2010-ல் ரெனோ-நிசான் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் அங்கே உருவானது மைக்ரா. இன்றும் நிசானின் மேக்னைட் அங்கேதான் உருவாகிறது. பெஞ்சுக்கு வரும் அந்தப் பழைய மைக்ராவின் மூக்கிலும் ஜி.டி.-ஆரின் பின்பக்கத்திலும் ஒரே முத்திரை. எங்கள் தலைமுறைக்கு இந்த வண்டி அறிமுகமான இடம் பிரௌசிங் சென்டர். 2003-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்' விளையாட்டில் ஸ்கைலைன் ஜி.டி.-ஆரை ஓட்டியவர்கள்தான் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வயதில் இந்த பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள்.

2025 ஆகஸ்ட் 26 அன்று ஜப்பானின் தோசிகி ஆலையிலிருந்து, ஜி.டி.-ஆரின் இதுவரையான கடைசித் தலைமுறையான ஆர்-35-ன் கடைசி வண்டி வெளியே வந்தது. 18 ஆண்டுகள், ஏறத்தாழ 48,000 வண்டிகள். ஐரோப்பாவில் சத்தக் கட்டுப்பாடு, ஆஸ்திரேலியாவில் பக்கவாட்டு மோதல் விதி என்று ஒவ்வொரு நாடாகக் கதவு சாத்திக்கொண்டே வந்து, கடைசியில் பிறந்த வீட்டிலும் நின்றுபோனது. நிசானின் தலைமைச் செயல் அதிகாரி இவான் எஸ்பினோசா, இது ஜி.டி.-ஆர் பெயருக்கு நிரந்தரப் பிரியாவிடை ஆகாது, ஒருநாள் அது திரும்பும் என்ற பொருளில் பேசினார். எப்போது என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் இன்றைய வதந்திகள் எல்லாம் முளைக்கின்றன.

இந்தப் பெயர் இதற்கு முன்பு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் திரும்பி வந்திருக்கிறது. ஹைபிரிட்டைத் திட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1969-ல் முதல் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் வந்தபோது அது டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, பெட்டி மாதிரி உடம்பு. 1973-ல் வந்த இரண்டாவது தலைமுறையில் 197 வண்டிகளோடு கதை நின்றது. பிறகு 16 ஆண்டுகள் பேச்சு மட்டும்தான். 1989-ல் ஆர்-32 வந்தபோது அதில் இரட்டை டர்போ, நான்கு சக்கர இழுவை. பழையதோடு ஒட்டியிருந்தது பெயரும், வரிசையாக நின்ற ஆறு சிலிண்டர்களும்தான். அந்த வண்டி ஜப்பானின் குரூப்-ஏ டூரிங் கார் பந்தயங்களில் கலந்துகொண்ட 29-லும் ஜெயித்தது. அதற்கு 'காட்ஸில்லா' என்று பட்டப்பெயர் வைத்தது ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகை.

2002-ல், அதன் வழிவந்த ஆர்-34 நின்றது. மறுபடியும் ஐந்து வருடக் காத்திருப்பு. 2001-லும் 2005-லும் டோக்கியோ கண்காட்சியில் மாதிரி வடிவங்களைக் காட்டி ஆசையைக் கிளறிவிட்டு, 2007 அக்டோபரில்தான் உண்மையான ஆர்-35-ஐக் காட்டினார்கள். அதில் ஸ்கைலைன் பெயர் போயிருந்தது. ரசிகர்கள் உயிராக வைத்திருந்த ஆர்.பி.-26 எஞ்சின் போயிருந்தது. கையால் போடும் கியரும் போயிருந்தது. வந்தது 3.8 லிட்டர், வி வடிவில் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 480 குதிரைத்திறன், இரட்டை கிளட்ச் தானியங்கி கியர். மூன்றாவது பையன் சொன்னது சரி. அன்றைக்கும் இதே புலம்பல்தான்.

அந்த வண்டியை உருவாக்கிய மிசுனோ கசுதோஷி பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். எஞ்சின் முன்னால் இருக்க, கியர்பெட்டியைக் கழற்றிப் பின்சக்கரங்களுக்கு நடுவே வைத்தவர் அவர். எஞ்சினிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் கியர்பெட்டிக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு ஷாஃப்ட் திரும்பி முன்சக்கரங்களுக்கு வரும். இந்தச் சுற்று வேலை எதற்கு? முன்னால் குவியும் பாரத்தைப் பின்னால் கொஞ்சம் நகர்த்தி, நான்கு டயரும் தரையைக் கவ்வும்படி செய்வதற்கு. வண்டி 1,740 கிலோ. கனம் என்று எல்லோரும் குறை சொன்னபோது, டயரைத் தரையில் அழுத்த அந்தக் கனம் வேண்டும் என்று அவர் வாதாடினார். யார் ஓட்டினாலும், எந்த இடத்திலும், எந்த நேரத்திலும் அந்த வேகம் கைக்கு வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

எஞ்சினைச் செய்த விதம் இன்னும் அழகு. யோகோஹாமாவில் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்த, தூசு இல்லாத அறையில் ஓர் எஞ்சினை முதலிலிருந்து கடைசி வரை ஒரே கைவினைஞர் பூட்டுவார். 'தகுமி' என்று அவரை அழைப்பார்கள். இந்தப் 18 ஆண்டுகளில் அந்தத் தகுதி பெற்றவர்கள் ஒன்பது பேர். பின்னாளில் வந்த எஞ்சின்களில் பூட்டியவரின் பெயர் பொறித்த தகடே இருக்கும். 48,000 வண்டிகளின் இதயமும் ஒன்பது பேரின் விரல்களைத் தாண்டி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

வதந்திக்கு வருவோம். ஆர்-35 போல வதந்திக்குத் தீனி போட்ட வண்டி குறைவு. காரணம், அது ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருந்தது. 480 என்று ஆரம்பித்த குதிரைத்திறன் 485, 530, 550 என்று ஏறி, 2016-ல் 570-ஐத் தொட்டது. அடுத்த வருட மாடலில் என்ன வரும் என்ற கேள்விக்கு எப்போதும் வேலை இருந்தது. 2008 முழுக்க 'ஸ்பெக் வி' என்ற இலகுவான பதிப்பைப் பற்றித்தான் பேச்சு. திறன் எகிறப்போகிறது என்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள். 2009 தொடக்கத்தில் அது வந்தபோது குதிரைத்திறன் அதே 485. பின் இருக்கையை எடுத்துவிட்டு, கார்பன் இருக்கைகளும் செராமிக் பிரேக்கும் வைத்து, 60 கிலோ குறைத்திருந்தார்கள். விலை மட்டும் ஏறத்தாழ இருமடங்கு, 1 கோடியே 57 லட்சத்து 50 ஆயிரம் யென். எண்ணை மட்டும் நம்பிக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். வண்டியைப் புரிந்தவர்கள் அந்த 60 கிலோவைக் கொண்டாடினார்கள். நான் இரண்டாவது கூட்டத்தில் சேர விரும்புகிறவன்.

அதே 2008-ல் நடந்த இன்னொரு வழக்கு இதைவிடச் சூடானது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் ஜி.டி.-ஆர் ஒரு சுற்றை 7 நிமிடம் 29 விநாடியில் முடித்ததாக நிசான் சொன்னது. போர்ஷேவால் பொறுக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜி.டி.-ஆரை விலைக்கு வாங்கி, தங்கள் ஆளை வைத்து ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 விநாடிதான் வந்தது என்றார்கள். நிசான் விடவில்லை, எங்கள் வண்டியை ஓட்டக் கற்றுத்தருகிறோம் என்று பதில் சொன்னது. ஒரு கம்பெனியின் வண்டியை வாங்கிவந்து இன்னொரு கம்பெனி சோதித்துப் பார்க்கிறது என்றால், அதுதான் அந்த வண்டிக்குக் கிடைத்த பெரிய விருது. 2013-ல் 600 குதிரைத்திறன் கொண்ட, நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் பதிப்பு அதே தளத்தை 7 நிமிடம் 8.679 விநாடியில் சுற்றிக் காட்டியது.

இப்போதைய பேச்சில் இரண்டு கட்சிகள். ஒன்று மின்சாரக் கட்சி. 2023 டோக்கியோ கண்காட்சியில் நிசான் காட்டிய 'ஹைப்பர் ஃபோர்ஸ்' என்ற மாதிரி வடிவம் இவர்களுக்கு ஆதாரம்: திட மின்கலம், 1,000 கிலோவாட், அதாவது 1,360 குதிரைத்திறன். மற்றது ஹைபிரிட் கட்சி. 2025-ல் நிசானின் வட அமெரிக்கத் திட்டப் பொறுப்பாளர் பொன்ஸ் பாண்டிக்குதிரா, அடுத்த ஜி.டி.-ஆரில் பெட்ரோல் எஞ்சினோடு மின்சாரமும் சேரும் என்ற பொருளில் பேசினார். முழு மின்சாரத்தில் நூர்பர்க்ரிங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சார்ஜுக்கு நிற்கிற வண்டி அந்தப் பெயருக்குப் பொருந்தாது என்பது அவர் தரப்பு. மரக்காணம் பெஞ்சில் இதற்கு வலுவான ஆதரவு உண்டு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சார்ஜ் போட நின்று பழகியவர்கள் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன்.

இன்னொன்றையும் பேசாமல் இருக்க முடியாது. 2025 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் நிசானுக்கு 67,000 கோடி யென்னைத் தாண்டி நட்டம். 20,000 பேரைக் குறைக்கவும், 17 ஆலைகளைப் பத்தாக்கவும் முடிவு எடுத்தார்கள். ஹோண்டாவோடு இணையும் பேச்சு முறிந்தது. ஒரகடம் ஆலையின் பங்குகளும் அதே ஆண்டில் ரெனோவின் கைக்குப் போயின. வேலை போகும் குடும்பங்கள் ஒருபுறம் இருக்க, ஜி.டி.-ஆருக்குப் பணம் ஒதுக்கு என்று கேட்பது சுலபமில்லை. வதந்தி பேசும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மரக்காணத்து உப்புக்கே திரும்புவோம். உப்புக்கும் வேகத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போன்வில் என்ற இடத்தில் வற்றிய ஏரியின் உப்பு கல்லாக இறுகிக் கிடக்கிறது. 1935 செப்டம்பரில் மால்கம் கேம்ப்பெல் அதன்மேல் மணிக்கு 484 கிலோமீட்டரைத் தொட்டார். நம் உப்பளம் வேறு. களிமண் தளத்தில் பாத்தி கட்டி, கடலோரத் தண்ணீரை நிறுத்தி, வெயிலில் காயவைத்து, பலகையால் வாரி எடுக்கிற விளைநிலம் அது. அந்த நிலத்தில் உழைப்பவர்கள் விடியும் முன்னும் பொழுது ஏறிய பின்னும் இந்தச் சாலையைக் குறுக்காகக் கடக்கிறார்கள். மரக்காணம்–புதுச்சேரி 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. சாலை அகலமானால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஆசையும் அகலமாகும். வேகத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஓடுதளம் இருக்கிறது. அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைக் கொண்டாடிய தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: அதுவும் ஓடுதளத்தில்தான் நடந்தது. இங்கே டீ குடியுங்கள், வாதாடுங்கள். வீட்டுக்குப் போனதும் வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், இந்தக் காற்றில் உப்பு அதிகம்.

இனி என் தீர்ப்பு. 1969-லிருந்து எஞ்சின் மாறியது, இழுவை மாறியது, கியர் மாறியது, பெயரில் பாதியே போனது. மாறாமல் வந்தது, விலை உயர்ந்தவனைப் பொறியியலால் ஜெயிப்பது என்ற ஒன்றுதான். 2007-ல் ஜப்பானில் ஆர்-35-ன் ஆரம்ப விலை 77 லட்சத்து 70 ஆயிரம் யென். அது துரத்திய போர்ஷே 911 டர்போவின் விலை அதைப்போல் இருமடங்குக்கும் மேல். இந்தியாவுக்கு 2016-ல் வந்தபோது தீர்வையும் வரியும் ஏறி 1 கோடியே 99 லட்ச ரூபாய் ஆனது; அதே வண்டி ஜப்பானில் அன்று ஏறக்குறைய 60 லட்ச ரூபாய். கடைசிக் காலத்து நிஸ்மோ சிறப்புப் பதிப்பு ஜப்பானிலேயே 3 கோடி யென்னைத் தாண்டியது. எனக்கு வருத்தம் தந்தது அந்த விலைதான்.

ஆர்-36 ஹைபிரிட்டாக வரட்டும், நான் வரவேற்பேன். 1,360 குதிரைத்திறன் இல்லாமல் பாதியோடு வந்தாலும் சரி. ஆனால் போர்ஷே வாங்கும் பணம் இருந்தால்தான் அதை வாங்க முடியும் என்று ஆனால், முன்னால் என்ன எழுத்துப் பொறித்திருந்தாலும் அதை ஜி.டி.-ஆர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.