பேரியம் சிங்க் டான்டலேட் நுண்ணலைப் பீங்கான்: தயாரிப்பு முறையும் தரக்காரணியும்

முன்னுரை

கைப்பேசித் தளநிலையங்களிலும் செயற்கைக்கோள் கருவிகளிலும் குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தெரிவுசெய்யும் வடிப்பான்களில் ஆக்சைடு பீங்கான் ஒத்ததிர்விகள் பயன்படுகின்றன. இப்பொருள்களிடம் மூன்று பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. உயர்ந்த மின்காப்பு மாறிலி கருவியின் அளவைக் குறைக்கும். உயர்ந்த தரக்காரணி குறைந்த ஆற்றல் இழப்பைக் குறிக்கும். ஒத்ததிர்வு அதிர்வெண்ணின் வெப்பநிலைக் கெழு சுழிக்கு அருகில் இருந்தால் வெயிலிலும் குளிரிலும் அதிர்வெண் பிறழாது. இம்மூன்றும் ஒரே பொருளில் எளிதில் அமைவதில்லை. டைட்டானியம் டைஆக்சைடின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 100. ஆயினும் அதன் அதிர்வெண் ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 450 பங்கு மாறுவதால் அதனைத் தனியே பயன்படுத்துவது அரிது.

தயாரிப்பும் அணு ஒழுங்கும்

பெரோவ்ஸ்கைட் அமைப்புடைய பேரியம் சிங்க் டான்டலேட்டின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 30. வெப்பநிலைக் கெழு சுழியை ஒட்டியது. பேரியம் கார்பனேட், சிங்க் ஆக்சைடு, டான்டலம் பென்டாக்சைடு ஆகிய தூள்களை அரைத்துக் கலந்து, முதற்சூடு கொடுத்து, மீண்டும் அரைத்து, வில்லைகளாக அழுத்தி, இறுதியாக உயர்வெப்பத்தில் சுட்டு இறுக்குவர். இவ்விறுதிச் சூட்டிணைப்பை ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. தரக்காரணி முடிவாவதோ அங்கேதான்.

1983ஆம் ஆண்டு கவாஷிமா குழுவினர் இப்பீங்கானை 1350 டிகிரி செல்சியசில் 120 மணி நேரம் சுட்டு, 12 கிகாஹெர்ட்சில் 14,000 என்னும் தரக்காரணியைப் பெற்றனர். பொருள் இறுகுவதற்கு இத்துணை நேரம் தேவையில்லை. நீடித்த சூட்டில் நிகழ்வது வேறு. ஒரே வகை இடங்களில் கலந்து கிடக்கும் சிங்க், டான்டலம் அயனிகள், ஓர் அடுக்கு சிங்க், ஈரடுக்கு டான்டலம் என மெல்ல ஒழுங்குபெறுகின்றன. கனசதுர அமைப்பு இதனால் சற்றே திரிபடைகிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் கூடுதல் கோடுகள் தோன்றுகின்றன. அயனிகளின் ஒழுங்கின்மை நுண்ணலை ஆற்றலை உறிஞ்சும் வழிகளுள் ஒன்றாதலால், ஒழுங்கு மிகும்போது இழப்புக் குறைகிறது.

நீண்ட சூட்டிற்கு ஒரு விலை உண்டு: சிங்க் ஆக்சைடு ஆவியாகிறது. சிறிதளவு இழப்பு அயனிகள் ஒழுங்குபெறத் துணைசெய்கிறது. அளவு மீறினால் மேற்பரப்பில் சிங்க் குறைந்த வேற்றுச் சேர்மங்கள் உருவாகித் தரக்காரணியைத் தாழ்த்துகின்றன. இதனைத் தடுக்க வில்லைகளை அதே இயைபுள்ள தூளில் புதைத்துச் சுடுவது வழக்கம்.

மாறுபட்ட சான்று

ஒழுங்கமைவு ஒன்றே காரணம் என்னும் விளக்கத்தை 1984இல் வெளிவந்த தமுரா குழுவினரின் ஆய்வு அசைத்தது. சிறிதளவு பேரியம் சிர்கோனேட் சேர்த்தபோது, ஒழுங்கமைவைக் காட்டும் கூடுதல் கோடுகள் இன்றியே, குறுகிய சூட்டிலும் உயர்ந்த தரக்காரணி கிடைத்தது. ஒழுங்குபெற்ற நுண்பகுதிகளின் எல்லைகளும் இழப்பிற்குக் காரணமாகலாம், சிர்கோனியம் அவற்றை நிலைப்படுத்துகிறது என்னும் விளக்கம் பின்னர் வலுப்பெற்றது.

இந்நிலையில் இரு ஆய்வகங்களின் தரக்காரணிகளை அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. அதிர்வெண் உயர்ந்தால் தரக்காரணி இயல்பாகவே குறையும். ஆகவே இரண்டின் பெருக்கற்பலனே ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது. மேற்கண்ட 1983ஆம் ஆண்டு அளவீட்டிற்கு அது 1,68,000 கிகாஹெர்ட்ஸ். அதனுடன் சூட்டு நேரமும் புதைதூளின் இயைபும் தரப்படாவிடில், வேறுபாடு இயைபினால் வந்ததா உலையினால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது.