அச்சரப்பாக்கத்தில் ஒரு 'கே.டி.'

"ஏண்டி, உங்கள் ஆபீஸில் கேடிகளையா வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?"

அச்சரப்பாக்கத்தில் ஓர் அம்மாள் தம் மகளிடம் இப்படிக் கேட்டாராம். கேட்காமல் என்ன செய்வார்? "இன்றைக்குக் கே.டி. இருக்கிறது, வர நேரமாகும்" என்று பெண் தினமும் சொல்லிவிட்டுப் போனால் பெற்ற வயிறு பதறாதா?

சகோதரிகளே, பதற வேண்டாம். பரனூரை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அந்தப் பெண்ணுக்கு உத்தியோகம். 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' என்பதன் சுருக்கமே கே.டி. அமெரிக்காவில் ஒருவர் பல வருஷம் பார்த்த வேலை இங்கே மாற்றப்படும்போது, அவருடைய அநுபவ ஞானத்தையும் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டுமல்லவா? அதற்கான பாடம் இது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பெண் நேரங்கழித்து வீடு திரும்பும் ரகசியம் அதுதான்!

"எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டால் படித்துக்கொள்ளலாமே?" என்று கேட்டேன்.

"அம்மாவின் வற்றல் குழம்பை எழுதித் தருகிறேன். வீட்டில் செய்து பாருங்கள், சார்!" என்றாள்.

வாயடைத்துப் போனேன். ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 1985-இல் மாட்சுஷிடா கம்பெனியார் வீட்டிலேயே ரொட்டி சுடும் மெஷின் ஒன்றை உருவாக்க முயன்றார்கள். ரொட்டி மேலே கருகியது; உள்ளே வேகவில்லை. எக்ஸ்ரே படம்கூட எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் இக்குகோ டனாகா என்ற பெண்மணி, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர், ஒஸாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடமே சிஷ்யையாகச் சேர்ந்தார். ஒரு நாள் கண்ணில் பட்டது: மனிதர் மாவை இழுக்கும்போது கூடவே ஒரு முறுக்கும் கொடுக்கிறார்! அந்த முறுக்கு மெஷினுக்குள் ஏறியது. ரொட்டியும் சரியாக வந்தது. அவரை வாயால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? சந்தேகந்தான். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிவதில்லை.

கே.டி.யிலும் இப்படித்தான். முதலில் நிபுணர் வேலை செய்வார். கற்பவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கற்பவர் செய்வார், நிபுணர் பார்ப்பார். சரக்கு வெளிவருவது இரண்டாவதில்தான். மாதக் கடைசிக் கணக்கை முடிக்க இவள் பொத்தானை அமுக்கப் போன சமயம், அந்த அமெரிக்கர் "நில், நில்! முதலில் கிடங்குக்காரர்களுக்குச் சொல். இல்லாவிட்டால் பில் இரண்டு தடவை போய்விடும்" என்றாராம். அது எந்தக் காகிதத்திலும் இல்லை!

"எங்கள் ஊர்க் கதையேதான், சார்" என்றாள். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், விநாயகரை முதலில் வழிபடாததால் தேரின் அச்சு முறிந்த இடமல்லவா அச்சரப்பாக்கம்?

இதெல்லாம் சரி. சொல்லிக் கொடுப்பவரின் நிலைமை என்ன? பாடம் முடிந்தால் அவர் உத்தியோகமும் முடிந்தது. 2015-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் டிஸ்னி கம்பெனியார் சுமார் 250 கம்ப்யூட்டர் ஊழியர்களை நீக்கினார்கள். தங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்குத் தாங்களே பயிற்சி அளிக்க வேண்டியிருந்ததைச் சிலர் பகிரங்கமாகச் சொல்ல, பெரிய அமளி எழுந்தது. தன் சோற்றைப் பிறர் இலையில் தானே பரிமாறுவது லேசான காரியமா?

இவளுக்குக் கிடைத்த குருவும் முதல் வாரம் 'ஆம்', 'இல்லை' தவிர வாயைத் திறக்கவில்லையாம். பதினைந்து வருஷ அநுபவத்துக்குக் கம்பெனி கொடுத்த கெடு ஆறே வாரம். கருமித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமோ!

ஒரு நாள் இவள், "இந்த ஒரு வரியை எதற்காக எழுதினீர்கள்?" என்று கேட்டாள். பார்க்க அநாவசியமாகத் தோன்றிய வரி. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் குழந்தை பிறந்த இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதை எழுதிய கதையைச் சொன்னார். அன்று பாடம் இரண்டு மணி நேரம் கூடுதலாக நடந்தது. அதன்பின் அவர் எதையும் ஒளிக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த அம்மாள், "அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்ததோ?" என்றார்.

"தெரியவில்லை, அம்மா. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது."