பாதலும் டால்ஃபினும்

தென்னேரியிலிருந்து கடிதம் எழுதியுள்ள அன்பர் ஒருவர், பழைய சிறு கார் ஒன்றை வாங்கிப் பாதுகாக்கும் ஆசை தமக்கு நெடுநாளாக உண்டென்றும், பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் செய்த பாதல், டால்ஃபின் என்னும் இரண்டில் எதைத் தேடுவது உசிதமென்றும் கேட்டிருக்கிறார். இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் புதிய கார்களை ஓயாமல் செய்து அனுப்பும் பிரதேசத்தில் இருந்துகொண்டு, இவ்விரண்டையும் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

டால்ஃபினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ரிலையண்ட் கம்பெனியார் செய்த கிட்டன் காரை ஆதாரமாகக் கொண்டு 1982-ல் வந்த அந்த நான்கு சக்கர வண்டி, 848 சி.சி. அலுமினிய எஞ்சினும் குறைந்த எடையும் உடையதாதலால் ராலிப் பிரியர்களின் அபிமானத்தையும் பெற்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அதன் அதிர்ஷ்டம் மங்கிற்று.

1970களில் பிறந்த பாதலின் விஷயமோ வேறு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பின்புறத்திலேயே சுமார் 200 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எங்கள் வீட்டு அடுக்களையில் பாட்டி உட்கார்ந்த முக்காலி, தரை எத்தனை மேடு பள்ளமாயிருந்தாலும் ஆடாமல் நிற்கும். ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே பாரத்தைச் சாய்த்தாலோ, க்ஷண நேரத்தில் ஆளைப் புரட்டிவிடும். பாதலின் சுபாவமும் அதுவே. மூன்று சக்கரங்களும் தரையில் வரையும் முக்கோணத்துக்குள் வண்டியின் பாரம் விழும்வரை பயமில்லை. வேகமாகத் திரும்புகையில் பாரம் வெளிப்பக்கம் சாய, அச்சமயம் பிரேக்கையும் மிதித்தால் அது முக்கோணம் குறுகிக் கூராகும் முன்புறத்துக்கு ஓடுகிறது. முன்புறத்தின் அந்த வெளிமூலையிலோ தாங்குவதற்குச் சக்கரமில்லை. எஞ்சினைப் பின்னே வைத்ததனால் பாரத்தின் பெரும்பங்கு அகலமான பக்கத்திலேயே தங்கிற்று. ரிலையண்டார் தம்முடைய ராபின் என்ற மூன்று சக்கரக் காரில் எஞ்சினை முன்னால் வைத்தார்கள். இதில் பெங்களூர்க்காரர்களின் யுக்தியே மேல் என்பது என் கட்சி.

இரண்டுக்கும் மேலுடம்பு ஃபைபர்கிளாஸ். அது இரும்பல்லாததால் துருவேறாது; அந்தக் குணமே அதற்குச் சத்துருவாயிற்று. இரும்புக் காரைக் காயலான் கடைக்காரர் எடைக்காவது எடுத்துக்கொள்வார். உருக்கிப் பயன்படுத்த முடியாத ஃபைபர்கிளாஸை யார் வாங்குவார்? அடியிலுள்ள இரும்புச் சட்டத்தை உருவிக்கொண்டு மேலுடம்பைக் குப்பைமேட்டில் தள்ளுவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. வெளிநாட்டுப் பழங்கார்களுக்கு ஊர்வலம் நடத்தும் நம்மவர்கள், நம் பக்கத்து ஊரில் செய்ததைத் திரும்பிப் பாராதது அநியாயம்.

ஆகவே அன்பருக்கு என் அபிப்பிராயம்: ஓட்டுவதற்கு டால்ஃபின், காப்பதற்குப் பாதல். எதை வாங்கினாலும் மேலே பளபளப்பைக் கண்டு மயங்காமல், குனிந்து அடிச்சட்டத்தின் துருவைப் பார்க்கவும்; ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம்.

இன்னொன்று. 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் புராதன வாகனங்களாகப் பதிவுசெய்ய மத்திய அரசு 2021-ல் வகுத்த விதி, இரு சக்கர வண்டிகளையும் நான்கு சக்கர வண்டிகளையுமே குறிப்பிடுகிறது. பாதல் வைத்திருப்போரெல்லாம் சேர்ந்து, மூன்று சக்கரத்துக்கும் அதில் இடமளிக்கும்படி போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பவேண்டும். தென்னேரி அன்பர் அதில் முதல் கையெழுத்தைப் போடட்டும்.