புகையால் பெயர் பெற்ற அருவிகள்

தெமோதரைப் புகையிரத நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தான் சற்று முன் நின்றிருந்த அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைந்து கீழிறங்குகின்றது. 1924ஆம் ஆண்டில் பதுளை வரை நீட்டப்பட்ட இப்பாதை, சரிவில் நேரே இறங்க இயலாமையால் இவ்வளைவை மேற்கொண்டது. தண்ணீருக்கோ அத்தகைய தயக்கம் இல்லை. இம்மலைப்புறங்களிற் பெய்யும் மழையும் நமுனுகுல மலையின் மேற்குச் சரிவு ஓடைகளும் பதுளு ஓயாவிற் சேர்ந்து, பதுளை நகரைக் கடந்து, 64 மீற்றர் உயரமான பாறை விளிம்பிலிருந்து ஒரே பாய்ச்சலாய் விழுகின்றன. அதுவே துன்ஹிந்த அருவி.

அப்பெயரின் முற்பகுதி சிங்களத்திற் புகையைக் குறிப்பது. தருமபுரி மாவட்டத்திற் காவிரி விழும் ஒகேனக்கல்லும் கன்னடத்திற் ‘புகையும் கல்’ என்றே பொருள்படும். 1855இல் லிவிங்ஸ்டன் கண்டு விக்டோரியா என்று பெயரிட்ட ஆபிரிக்க அருவியை, அந்நாட்டு மக்கள் அதற்கு முன்பே ‘இடிமுழக்கும் புகை’ என அழைத்து வந்தனர். ஒருவரையொருவர் அறியாத மூன்று மக்கட் கூட்டத்தார் ஒரே காட்சிக்கு ஒரே பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது.

இப்புகை எவ்வாறு எழுகின்றது? காற்றின் தடை இல்லையெனில், 64 மீற்றர் விழும் பொருள் மூன்றரை விநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அடியைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 125 கிலோமீற்றரைத் தாண்டும். ஆயின், நீர் கல்லைப் போல் ஒருருவாய் விழுவதன்று. விழும்போதே காற்று அதனுட் புகுந்து அதைத் துண்டு துண்டாக்குகின்றது. அத்துண்டுகள் பாறையில் மோதி நுண்துளிகளாய்ச் சிதறுகின்றன. விழும் நீர் தன்னுடன் இழுத்து வரும் காற்று, அடியில் வேறு வழியின்றிப் பக்கங்களில் வீசி, அத்துளிகளைச் சுமந்து செல்கின்றது. கதிரவன் முதுகுப்புறம் இருக்க அதனை நோக்குவோர்க்கு வானவில் தோன்றும். கதிரவன் உச்சியில் நிற்கும் நண்பகலில் அதை எதிர்பார்த்து நிற்பது வீண்.

பதுளையிலிருந்து மகியங்கனை வீதியில் சுமார் 5 கிலோமீற்றர் சென்றால் அருவிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை தொடங்கும். அதில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடத்தல் வேண்டும். வழியிற் சின்ன துன்ஹிந்த எனப்படும் சிற்றருவி தோன்றும். அவசரக்காரர் சிலர் அதையே பேரருவியெனக் கொண்டு திரும்புவதும் உண்டாம்! பாதையை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வோர் இரு மடங்கு பயன் பெறுவர். ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் மழை மிகுதி, அருவியும் நிறைந்திருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் மெலிந்தாலும் பாதை உலர்ந்திருக்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கி, மலையகப் புகையிரதப் பாதையையும் பல இடங்களிற் சிதைத்தது. ஆதலின் எந்நாளில் புறப்படுவோரும் வழியின் நிலையைப் பதுளையில் விசாரித்தறிந்து செல்வதே தக்கது.

விடுமுறை நாட்களிற் குடும்பத்தோடு வருவோர் முதலிற் கேட்பது, அடியிலுள்ள தடாகத்தில் இறங்கலாமா என்பதே. இறங்கலாகாது. அங்கே உயிர்கள் பலியானதுண்டு. காரணம் ஆழம் மட்டுமன்று. அருவி விழுமிடத்து நீரிற் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைகின்றது. அமைதியான குளத்தில் எளிதாய் மிதக்கும் உடலை அந்நீர் அவ்வாறு தாங்காது. அங்கே நன்கு நீந்தக்கூடியவரும் அமிழ்வர். நீர்ச்சுழலோ அவரைப் பாறையடிக்கு இழுக்கும். புகை படிந்த பாறைகளிற் பாசி வளர்வதால், படம் பிடிப்பதற்காகத் தடுப்புக் கம்பியைத் தாண்டும் இளைஞனின் கால் முதல் அடியிலேயே வழுக்கும்.

துன்ஹிந்தவிற் படகு இல்லை. புகையினருகே நீர்வழியாய்ச் செல்ல விரும்பும் தமிழர்க்கு ஒகேனக்கல்லே உண்டு. அங்கே அருவியின் உயரம் ஏறத்தாழ 20 மீற்றரே. எனினும் காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து பாறை இடுக்குகளில் விழுவதால், பரிசலே உற்ற ஊர்தியாகின்றது. மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த ஏறக்குறைய ஏழடி அகலமுள்ள வட்டக் கூடை அது. முற்காலத்தில் தோல் போர்த்தினர்; பின்னர் பிளாஸ்டிக் தாள் வந்தது. முன்பின் என்பது அதற்கில்லை. ஒரே துடுப்பினால் ஓட்டி அதனைச் செலுத்துவார். சற்றுக் கைமாற்றினாற் பம்பரமாய்ச் சுழற்றியும் காட்டுவார். கரைக்கு வந்ததும் அதைக் கவிழ்த்துத் தலைமேற் சுமந்து நடப்பார்.

கருநாடக அணைகளிலிருந்து வரும் நீரைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளவிடுகின்றது. அளவு மிகும்போது மாவட்ட நிருவாகம் பரிசலையும் குளிப்பதையும் தடை செய்யும். எத்துணைத் தூரத்திலிருந்து வந்தவராயினும் அன்று கரையில் நின்று காண வேண்டியதே. பரிசல் ஓட்டிக்கோ அது கூலியற்ற நாள்.

துன்ஹிந்தவுக்குச் செல்வோர் தாமே கண்டறிய வேண்டிய குறிகள் உள்ளன. அருவியின்மேல் வானம் நீலமாய் இருக்கும்போதே நமுனுகுலவில் மழை கொட்டக்கூடும். தெளிந்த நீர் செம்மண் நிறங்கொண்டு, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், அக்கணமே பிள்ளைகளைக் கைப்பிடித்து மேட்டுக்கு ஏறிவிடல் வேண்டும்.