வெட்டுப்புள்ளிக்குப் பின்னர்

 

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவரும் நாளில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை ஆகிய ஊர்களில் சில வீடுகள் பெருநாள் கோலம் பூணுகின்றன. வைத்திய பீடத்திற்குத் தெரிவான பிள்ளையை வாழ்த்த உறவினர் திரள்கின்றனர். இம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், உயர்தரப் பரீட்சை வரை நாளுக்கும் நேரத்திற்கும் அட்டவணை போட்ட அதே குடும்பம், அதன் பின்னுள்ள நீண்ட காலத்திற்கு எத்திட்டமும் இன்றியே பிள்ளையை வழியனுப்பி வைக்கிறது. இன்றைய உரை அக்குறையைப் பற்றியதாகும்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். எமது நாட்டில் வைத்தியப் பட்டப்படிப்பு 5 ஆண்டுகளைக் கொண்டது. ஆரம்பத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனவியல் ஆகிய பாடங்கள். அவற்றின் முடிவில் ஒரு பெரும் பரீட்சை. அதன் பின்னர் காலையில் நோயாளர் விடுதி, பிற்பகலில் விரிவுரை. இறுதி ஆண்டில் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, சிறுவர் நோய், உளமருத்துவம் ஆகிய பிரிவுகளில் இரவு பகலாகப் பயிற்சி. பட்டம் பெற்ற பின்னரும் 1 ஆண்டு உள்ளகப் பயிற்சி உண்டு. அதனை முடித்த பின்னரே இலங்கை மருத்துவ சபையில் முழுமையான பதிவு கிடைக்கும். இடையிடையே காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால், 20 அல்லது 21 வயதில் புறப்படும் பிள்ளை சுயமாகத் தொழில் செய்ய 27 அல்லது 28 வயதாகிவிடும். 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் பல்கலைக்கழக நாட்காட்டியை எவ்வளவு தூரம் குலைத்தன என்பதையும் நாம் கண்டோம்.

நமது விவசாயிகளைப் பாருங்கள். சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரை எப்போது திறப்பது, எப்போது விதைப்பது என்பதை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த பின்னரே அவர்கள் வயலில் இறங்குகின்றனர். நான்கு மாதப் பயிருக்கு ஒரு கூட்டம் தேவையெனில், ஏழாண்டுக் கல்விக்கு ஒரு குடும்பக் கூட்டம் வேண்டாமா?

சில காலத்திற்கு முன்னர் ஒரு தந்தை ஜும்ஆவின் பின்னர் எம்மைச் சந்தித்தார். மகள் வைத்திய பீடத்தில் இரண்டாம் ஆண்டு. நல்ல இடத்துச் சம்பந்தம் கைகூடியது. குமர் காரியம் தள்ளிப்போகக் கூடாது என்று விடுமுறையில் ஒரு நாளைக் குறித்தனர். அடுத்த மூன்றாம் வாரத்தில் அவளுக்குப் பெரும் பரீட்சை. வீட்டார் அதைக் கேட்கவில்லை. வாப்பா கவலைப்படுவாரே என்று அவளும் சொல்லவில்லை. பரீட்சையில் சித்தியடையத் தவறினாள். “இனிப் படிப்பு எதற்கு?” என்றது மாப்பிள்ளை வீடு. “நாங்கள் எங்கே பிழைவிட்டோம் மௌலவி?” என்று கண்கலங்கினார் அந்தத் தந்தை. திருமணம் பிழையன்று, படிப்பும் பிழையன்று. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதிப் பார்க்காததே பிழை. பின்னர் இரு குடும்பத்தாரும் அமர்ந்து பேசினர். அவள் மீண்டும் தோற்றிச் சித்தியடைந்தாள். ஆனால் அரை ஆண்டு காலமும், ஒரு பிள்ளையின் மனநிம்மதியும் இழக்கப்பட்டன.

அபூதர்தா (ரழி) அவர்கள் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் கழித்ததைக் கண்ட ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள், இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்திற்கும் தனித்தனி உரிமை உண்டென்று எடுத்துரைத்தார்கள். அதனை நபி (ஸல்) அவர்களும் சரிகண்டார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு உண்டெனில், படிப்பிற்கு இல்லாதிருக்குமா?

ஆகவே, பிள்ளை புறப்படுமுன் நான்கு விடயங்களை எழுத்தில் தீர்மானியுங்கள்.

முதலாவது, திருமணம். எப்போது, எந்தப் பரீட்சைக்குப் பின்னர், படிப்பைத் தொடர்வதற்கு மணமகன் வீட்டாரின் சம்மதம் என்ன என்பவற்றைப் பேச்சுவார்த்தையின் முதல் நாளிலேயே தெளிவாக்குங்கள். பிள்ளையின் வாயால் விருப்பத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது, பணம். அரச பல்கலைக்கழகத்தில் கல்வி இலவசமே. எனினும் தங்குமிடம், உணவு, நூல்கள், பயணம் ஆகியவற்றிற்கு மாதாமாதம் செலவுண்டு. மஹாபொல புலமைப்பரிசில் மட்டும் போதாது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நமது வழமையினால் கையிருப்பு முழுவதும் கல்லிலும் சீமெந்திலும் முடங்கிவிடுகிறது. “நீ டாக்டரானதும் அடைக்கலாம்” என்று பட்ட கடனைப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள். சகோதரியின் வீட்டுக்காக ரியூசன் வகுப்பு நடத்தி, தன் பாடத்தைக் கோட்டைவிடும் மாணவர்களும் நம்மிடையே உள்ளனர்.

மூன்றாவது, வணக்கமும் ஓய்வும். ரமழான் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்நகர்கிறது. 5 ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரண்டு மாதங்கள். எந்த ஆண்டில் எந்தப் பரீட்சையோடு நோன்பு சேரும் என்பதை இப்போதே கணக்கிடலாம். விடுதிக் கடமையின்போது தொழுகையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். வாரத்தில் ஒரு பொழுதையேனும் உறக்கத்திற்கும், உம்மாவோடு தொலைபேசியில் பேசுவதற்கும் ஒதுக்குங்கள்.

நான்காவது, தடுமாறும் நாள். ஊரில் முதலிடம் பெற்ற பிள்ளை, முதலிடம் பெற்றவர்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் வகுப்பில், ஆங்கில மொழியில் பின்தங்கக்கூடும். அந்நாளில் யாரிடம் சொல்வது? “தவறினாலும் வீட்டிற்கு வா, பேசுவோம்” என்ற ஒரு வார்த்தையைப் பெற்றோர் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரை நாடுவது வெட்கத்திற்குரியதன்று.

திட்டம் பிழைக்கலாம், அப்போது மீண்டும் அமர்ந்து திருத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நாளை நமது பிணி தீர்க்க வரும் கரங்கள், இன்று சோர்ந்து விழாதிருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் வாழ்விலும் பரகத் செய்வானாக! ஆமீன்.